ஸ்பானிஷ் டீச்சரை நிறுத்தப் போறாங்கன்னு கேள்விப்பட்டா, மார்ச் மாசமே கிளம்புங்க

நியூ ஜெர்சிக்குப் புதுசா வந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கு. வீடு, லைசன்ஸ், குளிர் ஜாக்கெட் பத்தியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்காங்க. நான் சொல்ல வர்றது, உங்க பிள்ளை போகிற பப்ளிக் எலிமெண்டரி ஸ்கூல்ல வாரத்துக்கு ரெண்டு தடவை நடக்கிற ஸ்பானிஷ் வகுப்பைப் பத்தி. எங்க டவுன்ல அது கையை விட்டுப் போனப்பதான் அதோட அருமை எனக்குப் புரிஞ்சது.

எங்க வாட்ஸாப் குழுவுல ஒருநாள் ஒரு தகவல் வந்தது: அடுத்த வருஷம் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் ஸ்பானிஷ் டீச்சர் கிடையாது, பிள்ளைங்க கம்ப்யூட்டர்ல பார்த்துப் படிச்சுக்குவாங்க. "நல்லதாப் போச்சு, அந்த நேரத்துல மேத்ஸ் சொல்லிக் கொடுக்கட்டும்"னு நம்மாளுங்க நாலு பேர் உடனே எழுதினாங்க. நானும் சரின்னுதான் இருந்தேன். இந்த ஊருக்கு வந்த புதுசுல நமக்கு அப்படித்தான் தோணும்.

அப்ப என் பையன் ரெண்டாம் வகுப்பு. கடையில நான் தமிழ்ல கூப்பிட்டா, யாராவது பார்க்கிறாங்களான்னு சுத்தும் முத்தும் பார்த்துட்டு இங்கிலீஷ்ல பதில் சொல்வான். ஒருநாள் ஸ்கூல் விட்டு வந்ததும் வராததுமா, "அம்மா, நான் இன்னைக்கு எல்லாருக்கும் பாட்டின்னு சொல்லக் கத்துக் கொடுத்தேன்"னான். ஸ்பானிஷ் டீச்சர் "அபுவேலா"ங்கிற வார்த்தையைச் சொல்லிட்டு, உங்க வீட்டுல பாட்டியை எப்படிக் கூப்பிடுவீங்கன்னு ஒவ்வொருத்தரா கேட்டிருக்காங்க. வகுப்பு மொத்தமும் "பாட்டி, பாட்டி"ன்னு சொல்லிப் பார்த்திருக்கு. அன்னைக்கு ராத்திரி அவனே ஊருக்கு வீடியோ கால் போடச் சொல்லி, பாட்டிகிட்ட தமிழ்லயே பேசினான். வகுப்புல எல்லாரும் ரெண்டாவது மொழி ஒண்ணைத் தட்டுத் தடுமாறிப் பேசும்போது, வீட்டுல வேற மொழி பேசுற பிள்ளைக்குக் கூச்சம் விட்டுப் போகுது. கம்ப்யூட்டர் பாடத்துல இது நடக்காது. அது பாட்டியைப் பத்திக் கேட்காது.

இந்த வகுப்பு மேல எப்பவும் முதல்ல கத்தி விழறதுக்குக் காரணம் இருக்கு. இங்க ஸ்கூல் செலவுல பெரும்பகுதி நம்ம பிராப்பர்ட்டி டேக்ஸ்லருந்து வருது. 2010-ல கொண்டுவந்த சட்டப்படி, சில விலக்குகள் போக, அந்த வரி வசூலை வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல ஏத்த முடியாது. ஆனா ஊழியர்களோட மருத்துவக் காப்பீடு, பஸ், சிறப்புக் கல்வி எல்லாம் அதை விட வேகமா ஏறுது. அப்ப எதை வெட்டுறது? மாநிலத் தேர்வு 3-லருந்து 8-ஆம் வகுப்பு வரை இங்கிலீஷுக்கும் கணக்குக்கும் எல்லா வருஷமும் உண்டு. ஸ்பானிஷுக்கு இல்லை. தேர்வு இல்லாததைத்தான் தொடுவாங்க. நாடு முழுக்க இதே கதைதான்: வேற்று மொழி சொல்லித் தர்ற பப்ளிக் எலிமெண்டரி ஸ்கூல்கள் 1997-ல 24 சதவீதம், 2008-ல 15 சதவீதம்.

நியூ ஜெர்சியில இன்னொரு நுணுக்கம் இருக்கு. மாநிலப் பாடத்திட்டத்துல உலக மொழிகள் கிண்டர்கார்டன்லருந்தே உண்டு. அதனால யாரும் "நிறுத்திட்டோம்"னு சொல்ல மாட்டாங்க. வாரத்துக்கு ரெண்டு வகுப்பை ஒண்ணாக்குவாங்க, மூணு ஸ்கூலுக்கு ஒரே டீச்சரை அலைய விடுவாங்க, அப்புறம் மென்பொருள் வாங்கிடுவாங்க. பேப்பர்ல வகுப்பு இருக்கும், பிள்ளைக்கு இருக்காது. "ஸ்பானிஷ் இருக்கா?"ன்னு கேட்டா "இருக்கு"ன்னுதான் பதில் வரும். வாரத்துக்கு எத்தனை நிமிஷம், சொல்லித் தர்றது யாருன்னு கேளுங்க.

நான் பண்ணின தப்பை நீங்க பண்ணாதீங்க. நான் ஸ்கூல் போர்டு (ஊர் ஸ்கூல்களை நிர்வகிக்கிற குழு) மீட்டிங்குக்குப் போனது ஜூன்ல. பட்ஜெட் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருந்தது. முதல் வரைவு மார்ச்ல வரும். பட்ஜெட் பத்தி மக்கள் கருத்தைக் கேட்கிற பொது விசாரணை ஏப்ரல் கடைசியிலோ மே முதல் வாரத்திலோ நடக்கும். விசாரணை வரைக்கும் காத்திருந்தா பாதி முடிவு ஆகியிருக்கும். வரைவு வர்ற சமயத்துலயே, டிஸ்ட்ரிக்ட் வெப்சைட்ல அஜெண்டாவைப் பார்த்துட்டுக் கிளம்பிடுங்க. பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கணும்னு இங்க சட்டமே இருக்கு. பெரும்பாலும் ஆளுக்கு மூணு நிமிஷம்தான் கிடைக்கும், அதனால எழுதி வெச்சு வாசிங்க. போர்டு உறுப்பினர்கள் சம்பளம் வாங்காதவங்க, நம்மள மாதிரி பெத்தவங்கதான் நிறையப் பேர். சண்டைக்குப் போற மாதிரி போகாதீங்க.

மைக்ல ஒண்ணை மட்டும் சொல்லிடாதீங்க: "இந்த வகுப்பால பிள்ளைங்க சரளமா ஸ்பானிஷ் பேசுவாங்க"ன்னு. வாரத்துக்கு ஒரு மணி நேரத்துல அது வராது, அது போர்டுக்கும் தெரியும். காது பழகும், உச்சரிப்பு வரும், வேற மொழின்னா பயம் இருக்காது. அது உண்மை, அதைச் சொல்லுங்க. கூடவே, கனெக்டிகட்ல கிளாஸ்டன்பரிங்கிற ஊர் 1950-கள்லருந்து சின்ன வகுப்புகள்ல மொழி சொல்லிக் கொடுத்துட்டு வருதுன்னு சொல்லுங்க. அத்தனை பட்ஜெட் நெருக்கடியையும் ஒரு ஊர் தாண்டி வந்திருக்குன்னா, நம்ம ஊராலயும் முடியும்.

கேள்விகள் கேட்கிறது இன்னும் நல்லா வேலை செய்யும். இதுல மிச்சமாகிற தொகை எவ்வளவு? மென்பொருளுக்கு வருஷச் சந்தா எவ்வளவு? ஆறாம் வகுப்பு ஸ்பானிஷ் டீச்சர் இனிமே எங்கிருந்து ஆரம்பிப்பாங்க? எங்க ஊர்ல இந்தக் கடைசிக் கேள்விக்கு யார்கிட்டயும் பதில் இல்லை. கணக்கு வேணும்னா ஓப்ரா (அரசு ஆவணங்களைப் பொதுமக்கள் கேட்டு வாங்குற மாநிலச் சட்டம்) படி எழுத்துல கேட்கலாம், ஏழு வேலை நாளுக்குள்ள பதில் தரணும்.

எச்1பி வேலை விசாவுல இருக்கேன், மீட்டிங்ல பேசலாமான்னு கேட்ட தம்பிக்கு: தாராளமாப் பேசலாம். நீங்க அந்த ஊர்ல குடியிருக்கிறவர், வாடகை வழியா வரியும் கட்டுறவர். பேரும் ஊரும் சொன்னாப் போதும், விசாவை யாரும் கேட்க மாட்டாங்க. ஆனா போர்டு தேர்தல்ல ஓட்டுப் போடக் கூடாது, கிரீன் கார்டு இருந்தாலும் கூடாது. லைசன்ஸ் எடுக்கும்போது வாக்காளராப் பதியணுமான்னு கேட்டா, மறக்காம "வேண்டாம்"னு சொல்லிடுங்க. தெரியாமப் பதிஞ்சாலும் பின்னாடி குடியுரிமைக்குப் பெரிய சிக்கல் ஆகும்.

"அங்க இந்தி வேண்டாம்னோம், இங்க ஸ்பானிஷ் வேணும்னு நிக்கலாமா"ன்னு கேட்ட தங்கைக்கு: நிக்கலாம்மா. 1965-ல நம்ம ஊர்ல எதிர்த்தது, ஒரு மொழியை மேல இருந்து நம்ம மேல ஏத்தினதை. இங்க பிள்ளைகிட்ட இருந்து ஒரு டீச்சரைப் பறிக்கிறாங்க. ரெண்டும் வேற வேற.

எங்க ஊர் கதை என்னாச்சுன்னு கேட்பீங்க. அடுத்த வருஷம் மார்ச்லயே பதினோரு பேர் போனோம். எங்க கூட குஜராத்தி, கொரியன், போலிஷ் குடும்பங்களும் வந்தாங்க. மூணாம் வகுப்புலருந்து அஞ்சாம் வகுப்பு வரைக்கும் ஒரு டீச்சர் திரும்ப வந்தாங்க. முதல் ரெண்டு வகுப்பு இன்னும் கம்ப்யூட்டர்லதான். இந்த மார்ச்சும் போறோம்.