அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிடம்

அரூரில் இ-சேவை மையம் நடத்துகிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் சித்தேரி மலையிலிருந்தும் தீர்த்தமலைப் பக்கமிருந்தும் பிள்ளைகளோடு பெற்றோர் வந்துகொண்டே இருப்பார்கள். மார்க் நன்றாகவே இருக்கும். பணத்துக்கு என்ன செய்வது என்பதுதான் கவலை.

போன வருடம் ஒரு அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு முதல் பட்டதாரி சான்றுக்கு வந்தார். பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. பேச்சுவாக்கில், புரோக்கர் மூலமாக ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மேனேஜ்மெண்ட் சீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். எனக்குப் பகீரென்றது. குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவர்களுக்கான முதல் பட்டதாரி கட்டணச் சலுகை கவுன்சிலிங்கில் கிடைக்கும் இடத்துக்குத்தான், மேனேஜ்மெண்ட் கோட்டாவுக்கு வராது. அதோடு, அந்தப் பெண் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்திருக்கிறாள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டிவிடும். பொறியியலுக்கு 2021 முதலே இது உண்டு. எங்கள் பக்கம் பலரும் இன்னும் அதை டாக்டர் படிப்புக்கு மட்டும் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அப்போ நான் குடுத்த பணம்?"

"அது வருதோ இல்லையோண்ணா, நாலு வருஷ ஃபீஸ் மிச்சமாகும். பாப்பா பேரை முதல்ல கவுன்சிலிங்குக்குப் பதிஞ்சிடலாம்."

பதிந்தோம். பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. அட்வான்ஸில் கொஞ்சம்தான் திரும்பி வந்தது. கூலி வேலை செய்து சேர்த்த காசு அது, இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அப்புறம், அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய். கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஏறிவிட்டது, இவளுக்கு ஏறவில்லை. பேங்கில் ஆதார் நகல் கொடுத்திருந்தார்கள், ஆனால் அரசுப் பணம் வருவதற்காகக் கணக்கை ஆதாரோடு இணைக்கும் ஆதார் சீடிங் நடக்கவில்லை. நகல் கொடுப்பது வேறு, சீடிங் வேறு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எத்தனை பிள்ளைகள் அலைகிறார்கள்! பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் பணத்துக்கும் இதே கதைதான்.

மனதுக்குக் கஷ்டமாக இருப்பது, பெற்றோரோடு பெங்களூர் போய் ஆறாவது, ஏழாவதை அங்கே படித்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகளைப் பார்க்கும்போது. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளி என்ற விதியால் அவர்களுக்கு அந்த 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்காமல் போய்விடுகிறது. இதிலும் ஏழைக் குடும்பங்கள்தான் மாட்டுகின்றன. விதியைத் தளர்த்தவேண்டும் என்பது என் கருத்து. அதுவரை அவர்களுக்கு முதல் பட்டதாரி சலுகை இருக்கிறது, எஸ்சி, எஸ்டி பிள்ளைகள் என்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. கல்விக் கடனில் 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக்கூடாது. கேட்டால் வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பியுங்கள், பதிவு இருக்கும்.

பிளஸ் டூ படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் வருமானம், சாதி, முதல் பட்டதாரி சான்றுகளுக்குப் பொங்கல் முடிந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள். மே மாதம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று எல்லா மேசையிலும் கூட்டம் நெரியும்.