எருது விடும் விழா போட்டோ எல்லாம் கலங்கலா வருது, லென்ஸ் மாத்தணுமா?

காட்பாடி தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். செகண்ட் ஹேண்ட்ல கேனான் 1500டி வாங்கினேன், கூட 18-55 கிட் லென்ஸ் மட்டும்தான். பொங்கல் முடிஞ்சி எருது விடும் விழாவுக்கு போயி கிட்டத்தட்ட முன்னூறு படம் எடுத்தேன், ஒண்ணுல கூட எருது தெளிவா இல்ல. சரின்னு வேலூர் கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்கு போனா அங்க யாளித் தூணும் அப்படியே. ஒரு வீடியோல எஃப் 16 (லென்ஸ் துவாரத்தோட அளவு) வெச்சா எல்லாம் ஷார்ப்பா வரும், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான சென்சிட்டிவிட்டி) 100ஐ தாண்டாதீங்கன்னு சொன்னாங்க, ஏவி மோடுல (துவாரத்த நாம வெப்போம், ஷட்டர கேமராவே வெச்சிக்கும்) அதையேதான் வெச்சிருந்தேன். வேற லென்ஸ் வாங்கணுமாண்ணா? அப்பாகிட்ட திரும்ப காசு கேக்க மனசு வரல.

பாலாத்தங்கரை:
தம்பி காசு எதுவும் கேக்காத. மொதல்ல படத்த பெருசு பண்ணி பாரு, எருது மட்டும் இழுத்துகினு போயி பின்னாடி தடுப்புக் கட்டை தெளிவா இருந்தா ஷட்டர் வேகம் (வெளிச்சம் உள்ள வர்ற நேரம்) எருது வேகத்துக்கு பத்தலன்னு அர்த்தம், படம் மொத்தமும் ஒரே பக்கமா இழுத்திருந்தா உன் கை ஆடியிருக்கு, எருது கலங்கி முன்னாடி கயிறு மட்டும் கூர்மையா இருந்தா போகஸ் தப்பு. மூணும் வேற வேற நோய், ஒரே மருந்து கெடையாது. மண்டபத்துல எடுத்ததுக்கு ஷட்டர் எவ்ளோன்னு பாத்து சொல்லு.

காட்பாடி தம்பி:
மண்டபத்துல 1/2 செகண்டுணா, படம் மொத்தமும் இழுத்திருக்கு. எருதுக்கு 1/80, கட்டை தெளிவாதான் இருக்கு.

பாலாத்தங்கரை:
அதான். அரை செகண்ட் யாராலயும் ஆடாம புடிக்க முடியாது. எஃப் 16ல இருந்து 5.6க்கு வந்தா துவாரம் பெருசாகி வெளிச்சம் எட்டு மடங்கு, 1/2 போயி 1/15 ஆகும், ஐஎஸ்ஓ 1600 வெச்சா இன்னொரு பதினாறு மடங்கு, 1/250 கெடைக்கும். அதே மண்டபம், அதே லென்ஸ். கொஞ்சம் புள்ளி புள்ளியா வரும், வரட்டும்ப்பா, புள்ளிய கொறைச்சிக்கலாம், ஆடுன படத்த ஒண்ணும் பண்ண முடியாது. எருதுக்கு டயல டிவில (Tv, ஷட்டர் வேகத்த நாம வெக்கிற மோடு) வெச்சி 1/1000 போடு, ஐஎஸ்ஓ ஆட்டோல விடு. லென்ஸ்ல இருக்கிற ஸ்டெபிலைசர் உன் கை ஆட்டத்துக்குதான், எருது ஓட்டத்துக்கு இல்ல.

கோட்டை அகழி:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு. மண்டபத்துல வெளிய அடிக்கிற வெயில் பிரேம்ல வந்துச்சின்னா கேமரா அத பாத்து ஏமாந்து தூண கருப்பாக்கிடும், அப்ப எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (படத்தோட வெளிச்சத்த கூட்டிக் கொறைக்கிறது) பிளஸ் 1 வைங்க. தூண் மட்டும் பிரேம் முழுக்க இருந்தா தலைகீழ், கருங்கல்ல சாம்பலா காட்டும், மைனஸ்ல கொஞ்சம் இறக்குங்க. அப்புறம் படத்துக்காக எருது ஓடுற பாதைக்குள்ள மட்டும் எறங்காதீங்க, 55 மிமீ ஜூம்ல எருது சின்னதா தெரியுதுன்னு கிட்ட போக தோணும். தடுப்புக்கு வெளியவே நில்லுங்க, வீட்ல வந்து படத்த வெட்டிக்கலாம், 24 மெகாபிக்சல் இருக்கு.

காட்பாடி தம்பி:
ரொம்ப தேங்ஸ்ணா. இன்னிக்கி சாயங்காலம் மண்டபத்துக்கு போயி எஃப் 5.6, ஐஎஸ்ஓ 1600ல எடுத்தேன். யாளியோட பல்லு தனித்தனியா தெரியுது, அப்பாகிட்ட காட்டினேன்.