டி.எஸ். ஒப்பீஸில் ஏஐ: உங்களுக்கு என்ன நடந்தது?

கொழுந்துக்கூடை:
அம்மாயியின் காணி உறுதி விஷயமாக வந்த கடிதத்தைத் தூக்கிக்கொண்டு போன மாதம் பிரதேச செயலகம் (டி.எஸ். ஒப்பீஸ்) போனோம். முழுக்கச் சிங்களம். மொழிபெயர்ப்பாளர் லீவாம். கவுன்டரில் இருந்த பொடியன் நல்ல பிள்ளை, போனில் படம் பிடித்து ஏஐயிடம் கொடுத்து வாசித்தான். நடுவில் "தாங்கள் வசிக்கும் எலுமிச்சை அறை இலக்கம் 7" என்று வந்தது. சிங்களத்தில் லயத்தை, அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளை, 'லயிம்' என்பார்கள் இல்லையா, அதை ஆங்கில லைம் என்று எடுத்துவிட்டது. வரிசையே சிரித்தது. அம்மாயி சிரிக்கவில்லை. "எலுமிச்சங்கா காம்பராவுக்கு யாருப்பா உறுதி குடுப்பான்?" என்று கேட்டார். இன்னும் காதிலேயே நிற்கிறது.

முத்திரைக்காரன்:
திட்டாதீர்கள், நானும் கவுன்டருக்கு உள்ளே இருக்கிறவன்தான், வேறு ஒப்பீஸ். எங்களிடம் தமிழ் எழுதத் தெரிந்தவர் இரண்டே பேர், அதனால் சொந்த டேட்டாவில் சாட்ஜிபிடி போட்டுத்தான் கடிதம் அடிக்கிறேன். ஒருநாள் ஒரு தாத்தாவுக்கு மேன்முறையீடு அடித்து வாசித்துக் காட்டினேன். "மதிப்பிற்குரிய வட்டாட்சியர் அவர்களுக்கு, கிராம நிர்வாக அலுவலர் பரிந்துரைத்தபடி..." இரண்டும் தமிழ்நாட்டுப் பதவிகள். தாத்தா கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியாவுக்குப் போனது எங்க அண்ணன். நான் போகல." மலையகத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய அந்த 1964 ஒப்பந்தத்தைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவன் நான். பிரதேச செயலாளர் என்று மாற்றி அடிக்கும்போது அந்த ஒரு சொல்லை இரண்டு தடவை பிழையாக அடித்தேன்.

பண்டாரவளை அண்ணன்:
எனக்கு நடந்தது சின்னது, 'கிரேட் வெஸ்டர்ன்' என்ற தோட்ட விலாசம் 'பெரிய மேற்கத்தியம்' என்று வந்தது, அவ்வளவுதான். ஆனால் கொழுந்துக்கூடை, நல்ல பிள்ளை என்று விட்டுவிட்டீர்களே? அம்மாயியின் பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் அவன் போன் வழியாக எந்த நாட்டுக்குப் போனதோ. இனிமேல் போனால் இலக்கத்தை விரலால் மறைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். மூலக் கடிதத்துக்குப் போட்டோ கொப்பி கட்டாயம். அப்புறம், தமிழில் கடிதம் கேட்பது பிச்சை இல்லை, 1987இல் வந்த இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்திலேயே தமிழும் அரச கரும மொழி. வாயால் கேட்டால் நாளைக்கு வா என்பார்கள், எழுத்தில் கொடுத்துத் திகதி முத்திரை வாங்குங்கள். அதற்கும் அசையவில்லையா, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, தருவதா இல்லையா என்று தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாளுக்குள் சொல்லியாக வேண்டும். முத்திரைக்காரன் தம்பிக்கும் ஒன்று, அடித்த கடிதத்தை வாசித்துக் காட்டுவதற்கு முன்னால் நீங்கள் ஒருமுறை வாசியுங்கள்.

முத்திரைக்காரன்:
வாசிக்கலாம் அண்ணே. வரிசையில் நாற்பது பேர், எல்லாருக்கும் கடைசி பஸ் நாலரைக்கு.

கொழுந்துக்கூடை:
சரி அண்ணே, நான் சட்டம் கேட்கவில்லை. ஆனால் நீங்கள் கொப்பி என்றதும் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சிங்களத்திலேயே இலக்கம் 7 என்றுதான் அடித்திருக்கிறார்கள். அம்மாயியின் காம்பரா 9. இது ஏஐ செய்த பிழை இல்லை.