துணியில் பாட்டியின் முகம்: குவில்ட் தைப்பவர்கள் உதவுங்கள்

வணக்கம், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர், சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். 1860-ல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்து சேர்ந்ததற்குப் பிறகு, கரும்புத் தோட்ட வேலைக்கு இங்கே வந்த குடும்பம் எங்களுடையது. பாட்டியின் முகத்தைப் பருத்தித் துணியில் வரைந்து, சுவரில் மாட்டும் குவில்ட்டாக, அதாவது நடுவில் பஞ்சு அடுக்கு வைத்துத் தைக்கும் துணியாக, தைக்க ஆசை.

துணியைத் துவைத்துக் கஞ்சி போக்கி, அக்ரிலிக் பெயின்ட்டில் டெக்ஸ்டைல் மீடியம் (பெயின்ட் துணியில் பிடிக்க உதவும் திரவம்) கலந்து மெல்லிசாகப் பூசுகிறேன். காய்ந்ததும் பின்பக்கம் இஸ்திரி போட்டால் நிறம் நிற்கிறது. ஆனால் பாட்டியின் கருமை வர பூச்சு ஏற ஏற, துணி விறைத்துவிடுகிறது. ஊசித் துளையும் மூடுவதில்லை. அவர் நிறத்தை வெளுக்கவிட எனக்கு மனமே இல்லை.

அடிநிறத்தைச் சாயமாக ஏற்றிவிட்டு மேலே பெயின்ட் பூசலாமா? கன்னத்திலும் தையல் ஓட்டலாமா, இல்லை சேலை, கூந்தலோடு நிறுத்துவதா? எந்த ஊசி சரிவரும்? செய்து பார்த்த அக்காமார் சொல்லுங்கள்.