கூந்தல் மாந்தோப்புக்குள் தொலையாமல் இருக்க

ஆளைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்ட, ஊர் ஊராகப் போட்டோகிராஃபர்கள் சொல்லும் குறிப்புகள்.

போச்சம்பள்ளி, அவுட்டோர் வேலை:
மாந்தோப்பில் எடுத்த போர்ட்ரெய்ட் தட்டையாகத் தெரிந்தால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள், முதலில் கூந்தலைப் பாருங்கள். முற்றிய மாவிலை கரும்பச்சை. கருங்கூந்தல் அதன்மேல் விழுந்தால், எஃப் 1.8 (லென்ஸ் திறப்பின் எண்; எண் சிறிதானால் பின்னணி மங்கல் கூடும்) வைத்து என்னதான் மங்கலாக்கினாலும் தலை எங்கே முடிகிறது, தோப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. மங்கல் வேறு, பிரிவு வேறு. ஆளை ஓரத்து மரத்தின் நிழல் விளிம்பில், நிழலுக்கு ஓரடி உள்ளே நிறுத்துங்கள். தலைக்குப் பின்னால் 10 மீட்டராவது தள்ளி, வெயில் விழும் திறந்த நிலம் வரட்டும். கேமராவின் வெளிச்ச மீட்டரை, சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் முறையில், முகத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் பின்னால் இருக்கும் வெளிச்சத்தைப் பார்த்து கேமரா முகத்தை இருட்டாக்கிவிடும். இலையின் பச்சை கன்னத்தில் ஏறும். அதற்கு ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை போதும்: பக்கவாட்டில், முக உயரத்தில். கீழிருந்து காட்டினால் மூக்கின் நிழல் மேலே ஏறி முகமே மாறிவிடும். தளிர் விட்ட மரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அந்தச் செம்பு நிறம் நம் தோல் நிறத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

ஓசூர்:
அண்ணே, ஒன்று சேர்க்கிறேன். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, எஃப் 1.8 என்றால் ஷட்டர் 1/8000 நொடி கேட்கும். தொடக்கநிலை கேமராக்கள் பலவற்றில் 1/4000தான் உச்சம், படம் வெளுத்துவிடும். வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் போடுங்கள், இல்லையென்றால் நிழலுக்குப் போங்கள்.

தருமபுரி, கல்யாண வேலை:
ஆள் பின்னணியோடு ஒட்டிக்கொள்ளும் தொல்லை ரிசப்ஷன் மேடையில்தான் அதிகம். பொண்ணும் மாப்பிள்ளையும் பூ அலங்காரத்தை ஒட்டியே நிற்பார்கள். 85 மிமீ, எஃப் 1.8 லென்ஸின் திறப்பு ஏறக்குறைய 47 மிமீ. நீங்கள் 2 மீட்டரில் நின்று, பூ அவர்களுக்குப் பின்னால் அரை மீட்டரில் இருந்தால், பூவின் ஒரு புள்ளி அவர்கள் நிற்கும் இடத்து அளவில் 9 மிமீ வட்டமாகத்தான் விரியும். செவ்வந்தி செவ்வந்தியாகவே தெரியும். அவர்களை முன்னால் கூப்பிட்டு, நீங்களும் அதே அளவு பின்வாங்கி, பூவுக்கும் அவர்களுக்கும் உள்ள இடைவெளியை 2 மீட்டராக்கினால் அதே புள்ளி 23 மிமீக்கு மேல் போகும். லென்ஸ் மாற்றாமலே கிடைக்கும் லாபம் இது. ஆனால் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் ஃபோகஸ் ஆழம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம், மொத்தமே 6 செ.மீ. மாப்பிள்ளை அரையடி பின்வாங்கினால் அவர் முகம் போச்சு. இருவருக்கும் எஃப் 4 வையுங்கள், ஏறக்குறைய 13 செ.மீ. கிடைக்கும்.

பின்னணி கரும்பட்டுத் திரை என்றால், கூந்தல் அதில் கரையாமல் இருக்க, பின்பக்க மூலையில் 7 அடி உயரத்தில் ஒரு ஃபிளாஷ், 1/16 பவர், தலைக்கும் தோளுக்கும் குறிவைத்து. ஃபிளாஷில் லென்ஸை நோக்கிய பக்கம் கருப்பு சார்ட் அட்டை ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் படம் முழுக்கப் பால் ஊற்றியது போல வெளிறிவிடும்.

கிருஷ்ணகிரி:
போனில், பின்னணியைத் தானாக மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடு போடுபவர்கள் ஜிமிக்கியையும் மல்லிகைச் சரத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். காதுக்கும் ஜிமிக்கிக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அது மங்கலாக்காமல் விட்டுவிடும்; சரத்தின் நுனியைப் பேக்ரவுண்டு என்று நினைத்துக் கரைத்துவிடும். எடுத்த பிறகு எடிட்டில் மங்கல் அளவை எஃப் 4, 5.6 வரை குறைத்தால் இந்தத் தப்பு பெரும்பாலும் கண்ணில் படாது. சரத்தை முதுகுப் பக்கம் விடாமல் தோளின்மேல் முன்னால் எடுத்துப் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.