குவேக்கர் கண்டன நூல்கள், 1652–1662: எதற்கு எது பதில், எப்படி வரிசைப்படுத்துவது?

படிப்பறை (கேள்வி)

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எழுந்த குவேக்கர் என்ற கிறிஸ்தவ இயக்கத்தாரின் ஆரம்பகாலச் சிறுநூல்களையும், அவர்களைக் கண்டித்துப் பாதிரிமார் அச்சிட்டவற்றையும் சேர்த்து வாசிக்கும்போது மூன்று இடங்களில் இடிக்கிறது. முதலாவது தேதி. முகப்பில் ஓர் ஆண்டு, கடைசிப் பக்கத்தில் வேறோர் ஆண்டு, கூடவே “பதினோராம் மாதம்” என்றொரு குறிப்பு. இரண்டாவது, எந்த நூல் எதற்கு மறுப்பு என்பது பல சமயம் பிடிபடுவதில்லை. மூன்றாவது, எதிராளி சொன்னதாகக் குவேக்கர் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் எடுத்துப்போடும் வாசகங்களை எந்த அளவு நம்பலாம்? எந்த நூலில் தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ஈயஎழுத்து

முதலில் தேதியைச் சரிசெய்துகொள்ளுங்கள். அது பிசகினால் எது கண்டனம், எது மறுப்பு என்பதே தலைகீழாகிவிடும்.

அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு பிறந்தது மார்ச் 25-ல். ஜனவரியும் பிப்ரவரியும் முந்தைய ஆண்டின் கணக்கில்தான் வரும். மாதப் பெயர்களில் புறச்சமயத் தெய்வங்களின் வாடை இருக்கிறது என்று குவேக்கர்கள் அவற்றை விலக்கி, எண்ணால் குறித்தார்கள். அவர்களுக்கு முதல் மாதம் மார்ச். ஆகவே மாத எண்ணோடு இரண்டைக் கூட்டுங்கள். விடை பன்னிரண்டைத் தாண்டினால் பன்னிரண்டைக் கழித்துவிட்டு, ஆண்டோடு ஒன்றைச் சேருங்கள். முதல் மாதம் 1 முதல் 24 வரையிலான தேதிகள் மட்டும் தொல்லை கொடுக்கும். அங்கே எந்த ஆண்டு என்பதை உள்ளடக்கத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதில் தவறினால் என்ன ஆகும் என்பதற்குச் சரியான சான்று, ஆயுதம் ஏந்தமாட்டோம் என்று அரசர் இரண்டாம் சார்லஸிடம் குவேக்கர்கள் கொடுத்த அறிக்கை. அதிலுள்ள தேதி 1660, பதினோராம் மாதம் 21. நம் கணக்கில் 1661 ஜனவரி. அதே மாதத் தொடக்கத்தில்தான் லண்டனில் தாமஸ் வென்னரின் ஆயுதக் கலகம் வெடித்தது. அதைச் சாக்கிட்டுக் குவேக்கர்களைக் கூட்டம் கூட்டமாகச் சிறையில் அடைத்தார்கள். அறிக்கையை “1660 நவம்பர்” என்று படித்தால் அது கலகத்துக்கு முந்தியதாகிவிடும். அது ஏன் அவ்வளவு அவசரமாக எழுதப்பட்டது என்பதே விளங்காது.

முகப்பு ஆண்டுக்கு ஜார்ஜ் தாமஸன் கை கொடுப்பார். லண்டன் புத்தக வியாபாரியான இவர் 1640 முதல் 1661 வரை சுமார் 22,000 அச்சுப்பிரதிகளைச் சேர்த்தார். பலவற்றின் முகப்பில் கைக்கு வந்த நாளை மையால் எழுதினார். இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆண்டுக் கடைசியில் வரும் நூலில் அடுத்த ஆண்டைப் போடும் வழக்கம் அச்சிடுவோரிடம் இருந்தது. தாமஸன் அந்த எண்ணை அடித்துத் திருத்தியிருப்பார். ஒன்றை மறக்க வேண்டாம்: அது அவர் கைக்கு வந்த நாள், எழுதி முடித்த நாள் அல்ல. வடக்கே லங்காஷயரில் எழுதியது லண்டனில் அச்சேறி வர நாளாகும்.

மறுமொழி

தொடங்க நல்ல நூல் 1653-ல் வந்த ‘சால்ஸ் எரண்ட் டு டமாஸ்கஸ்’. வெளியிட்டவர் ஜைல்ஸ் கால்வர்ட்; லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் மேற்கே, கறுங்கழுகுச் சின்னம் போட்ட கடை. குற்றச்சாட்டும் பதிலும் ஒரே கட்டாகக் கிடைப்பதுதான் இதன் அருமை. லங்காஷயர் பாதிரிமாரும் நீதிபதிகளும் அரசுக்கு அனுப்பிய மனுவை முதலில் அச்சிட்டுவிட்டு, குவேக்கர்கள் அதற்கு வரிசையாகப் பதில் சொல்கிறார்கள். ஃபாக்ஸ் தன்னைக் கடவுளுக்குச் சமம் என்றார் என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. அப்படிப் பேசவில்லை என்று மறுத்த கையோடு, பரிசுத்தம் செய்கிறவரும் செய்யப்படுகிறவர்களும் ஒன்றே என்ற எபிரெயர் 2:11-ஐ ஆதாரமாக நீட்டுகிறது பதில். எதிராளிகளுக்கு இந்தப் பதிலே இன்னொரு குற்றமாகப் பட்டது. 1650-ன் தெய்வநிந்தனைச் சட்டம் தொங்கிக்கொண்டிருந்த காலம் என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள். ஒவ்வொரு சொல்லும் நீதிமன்றத்துக்குப் போகக்கூடியது.

அடுத்து நியூகாசில் பாதிரிமார் ஐவர் எழுதிய ‘பர்ஃபெக்ட் ஃபாரிசி’ (1653), அதற்குக் குவேக்கர் தலைவர்களில் ஒருவரான ஜேம்ஸ் நேலரின் பதில். மூன்றாவதாகப் போதகர் ஜான் பனியனும் குவேக்கர் எட்வர்ட் பரோவும். பனியனின் முதல் நூலே குவேக்கர்களுக்கு எதிரானது, 1656. அதே ஆண்டு பரோ மறுத்தார். 1657-ல் பனியன் திருப்பி எழுத, பரோ மீண்டும் பதிலளித்தார். எருசலேமில் சிலுவையில் மரித்த கிறிஸ்துவை விட்டுவிட்டு மனிதருக்குள் இருப்பதாக நீங்கள் நம்பும் உள்ளொளியையே கிறிஸ்து என்கிறீர்கள் என்பது பனியனின் வழக்கு. நாங்கள் அவரை மறுக்கவில்லை, ஆனால் உனக்குள் அவர் இல்லாமல் வெறும் வரலாற்று நம்பிக்கை இரட்சிக்காது என்பது பரோவின் நிலை. நான்கையும் வரிசை மாறாமல் படியுங்கள். எது உண்மையான கருத்துவேறுபாடு, எது ஒருவர்மேல் ஒருவர் ஏற்றிச்சொன்னது என்று அப்போது துலங்கும்.

ஜோடி கண்டுபிடிக்க, முகப்பை முழுவதும் வாசியுங்கள். பத்து வரி நீளும் தலைப்பில் எதிராளியின் பெயர் பெரும்பாலும் இருக்கும். கிடைக்காவிட்டால் ஜோசப் ஸ்மித்தின் இரண்டு பட்டியல்கள்: குவேக்கர் நூல்களுக்கு 1867, எதிர்நூல்களுக்கு 1873.

படிப்பறை

நன்றி. மறுப்பில் சொல்லும் பக்க எண்ணைத் தேடிப்போனால் மூல நூலில் அந்த வாசகம் இல்லாவிட்டால்?

ஈயஎழுத்து

முதலில் பதிப்பைச் சந்தேகப்படுங்கள். இவை பெரும்பாலும் தாளை இருமுறை மடித்த குவார்ட்டோ. ஒரு தாளுக்கு எட்டுப் பக்கம். மறு அச்சில் முன்னுரை கூடினாலே எண்கள் நகர்ந்துவிடும். அவசர அச்சில் பக்க எண்ணே தப்பாக விழுவதும் உண்டு. அதனால் பக்க அடியில் உள்ள ஏ, ஏ2, பி போன்ற தாள் குறிகளை எண்ணிப் பாருங்கள். எழுத்து வரிசையில் ஜே, யூ, டபிள்யூ இராது. பக்க அடியில் தனியாக நிற்கும் சொல் அடுத்த பக்கத்தின் முதல் சொல்லோடு பொருந்தாவிட்டால், இடையில் தாள் விட்டுப்போயிருக்கலாம்.

ஏட்டுச்சுவடு

மூன்றாவது கேள்விக்கு: ஃபாக்ஸின் ‘கிரேட் மிஸ்டரி’ (1659) நூற்றுக்கு மேற்பட்ட எதிர்நூல்களுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்கிறது. எதிராளியின் ஒரு வரி, கீழே பதில், மறுபடி ஒரு வரி. வழிகாட்டியாக அதற்கு இணை கிடையாது. ஆனால் வரிகள் சூழலிலிருந்து பிய்த்தெடுத்துச் சுருக்கப்பட்டவை. அதை மட்டும் வைத்துக்கொண்டு “பாக்ஸ்டர் இப்படிச் சொன்னார்” என்று எழுதிவிடாதீர்கள். குவேக்கர்களைக் கண்டித்த பாதிரி ரிச்சர்ட் பாக்ஸ்டரின் 1655 நூலையே திறந்து பாருங்கள். எதிர்த்தரப்பு மேற்கோள்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும்.

பிற்காலத் தொகுப்புகளில் இதைவிடப் பெரிய ஆபத்து. 1656-ல் நேலர் பிரிஸ்டலுக்குள் கிறிஸ்துவைப் போல் ஊர்வலமாக நுழைந்ததற்கு நாடாளுமன்றமே அவரை விசாரித்தது. கசையடி, நாக்கில் சூட்டுக்கோல் துளை, நெற்றியில் சூடு. அந்தக் காயம் இயக்கத்தை நெடுநாள் எச்சரிக்கையாக வைத்திருந்தது. 1673-லிருந்து லண்டனில் ஒரு குழு கையெழுத்துப்படிகளை அச்சுக்கு முன் சோதித்தது. 1716-ல் ஜார்ஜ் வைட்ஹெட் தொகுத்த நேலர் நூலில் அவருடைய வாதநூல்கள் விடப்பட்டிருக்கின்றன. தகராறைப் படிக்க வந்தவர் தகராறை வெட்டியெடுத்த பதிப்பைப் பிடித்தால் பயனில்லை. முதல் அச்சையே தேடுங்கள்.

அட்லாண்டிக்குக்கு அப்பாலும் ஒரு சங்கிலி உண்டு. 1656-ல் பாஸ்டன் துறைமுகத்தில் மேரி ஃபிஷர், ஆன் ஆஸ்டின் என்ற குவேக்கர் பெண்கள் இருவரிடமிருந்து பறித்த நூல்களைத் தண்டனை நிறைவேற்றுபவன் கையாலேயே எரித்தார்கள். அதே ஆண்டுச் சட்டம், குவேக்கர் நூலைக் கொண்டுவந்தாலோ ஒளித்துவைத்தாலோ நூலுக்கு 5 பவுன் அபராதம் என்றது. 1659-ல் வேறு குவேக்கர்கள் இருவரையும் 1660-ல் குவேக்கர் மேரி டயரையும் தூக்கிலிட்டார்கள். மாசசூசெட்ஸ் ஆட்சியின் தரப்பை ஜான் நார்ட்டன் 1659-ல் எழுதினார். லண்டனிலிருந்து பரோவும் ஜார்ஜ் பிஷப்பும் பதில் அச்சிட்டார்கள். பிஷப்பின் நூல் 1661-ல் ஒரு பகுதி, 1667-ல் மறு பகுதி என்று வந்தது. தேடும்போது இரண்டையும் தனித்தனியே கேளுங்கள்.