புதுப்பிப்பு: லொஸ் ஏஞ்சலிஸ் அவசரநிலை நீடிப்பு, அக்கா வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை

பாலிசேட்ஸ் காட்டுத்தீக்குப் பிறகு லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் அவசரநிலையை நீடித்ததாம், அக்கா குடும்பம் கிளம்ப வேண்டுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, “செய்தித் தலைப்பை விடுங்கள், நகரின் நீடிப்புத் தீர்மானத்தையே வாசிக்கச் சொல்லுங்கள்” என்ற யோசனைதான். அக்கா வாசித்தார். 2025 ஜனவரி 7இல் தொடங்கிய தீ, மாத இறுதியிலேயே முழுதாகக் கட்டுக்குள் வந்துவிட்டது. வெளியேறும் உத்தரவு வேறு, அவசரநிலை நீடிப்பு வேறு. உள்ளூர் அவசரநிலை இன்னும் தேவையா என்று 60 நாளுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது கலிபோர்னியாச் சட்டம். இடிபாடு அகற்றவும் மீளக் கட்டவும் வேலை மிச்சம் இருந்ததால் நீடித்தார்கள்.

எதிர்பாராதது ஒன்று: அவசரநிலை அறிவித்தால் வாடகையை 10 சதவீதத்துக்கு மேல் கூட்ட அங்கே தடை வருமாம். வீட்டுக்காரர் அதைவிடக் கூட்டக் கேட்டிருந்தார். அக்கா சட்டத்தைக் காட்டியதும் விட்டுவிட்டார். தடை முதலில் 30 நாள்தான், நீடித்தால்தான் தொடரும். எந்தத் திகதி வரை என்று பாருங்கள்.

அம்மாவுக்குப் புரியவைக்கத்தான் நாளெடுத்தது. திருகோணமலையில் அவசரகாலச் சட்டம் மாதாமாதம் நீடிக்கப்பட்ட காலத்தை வானொலியில் கேட்டு வாழ்ந்தவர். அந்தச் சொல் என்றாலே அவருக்குச் சோதனைச்சாவடிதான். அக்கா சாம்பல் படிந்த யன்னலைத் துடைத்துவிட்டு வட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். அப்புறம்தான் அம்மா சாப்பிட்டார்.